ரசிகர்கள் கூடி ஒரு சிறிய லீக் அணியை வாங்கி நடத்துவது எப்படி?

2007-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மைஃபுட்பால்கிளப் என்றொரு திட்டம் தொடங்கியது. ஆளுக்கு 35 பவுண்டு கட்டுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு கால்பந்து அணியை வாங்குவது, பிறகு அதன் முடிவுகளை வாக்களித்து எடுப்பது என்பதே ஏற்பாடு. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பணம் கட்டினர். 2008-இன் தொடக்கத்தில், ஐந்தாம் நிலை லீகில் ஆடிக்கொண்டிருந்த எப்ஸ்ஃப்ளீட் யுனைடெட் அணியின் 75 விழுக்காட்டுப் பங்கு அவர்கள் கைக்கு வந்தது. அதே ஆண்டு மே மாதம் வெம்பிளியில், கீழ்நிலை லீக் அணிகளுக்கான எஃப்.ஏ. டிராஃபி கோப்பையையும் அந்த அணி வென்றது. ஆனால் முதல் சந்தாப் புதுப்பிப்பிலேயே பாதிக்கும் மேற்பட்டோர் விலகிவிட்டனர். 2013-இல், எஞ்சியிருந்த உறுப்பினர்கள் தங்கள் பங்கைக் கைவிட வாக்களித்தனர்.

அணியை வாங்குவதற்கு ஆள் சேர்ப்பதைவிட, வாங்கிய அணியை மூன்றாம் ஆண்டும் நான்காம் ஆண்டும் நடத்துவதற்கு ஆள் தங்க வைப்பதுதான் கடினம். கீழே உள்ள படிகள் அதை மனத்தில் வைத்தே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். குறிப்பாக, விதிகளைப் பணம் திரட்டிய பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க வேண்டாம்.

படி 1: எத்தகைய அணி என்பதை முடிவு செய்யுங்கள்

சிறிய லீக் என்று பொதுவாகச் சொன்னாலும், விளையாட்டுக்கு விளையாட்டு அதன் பொருள் மாறுகிறது. அமெரிக்க மைனர் லீக் பேஸ்பாலில், பெரிய லீக் அணியோடு இணைக்கப்பட்ட ஓர் அணியை நீங்கள் வாங்கினால், ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் அந்தப் பெரிய அணியின் ஊழியர்களாகவே இருப்பார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதும், யார் எங்கே ஆடுவது என்று தீர்மானிப்பதும், நன்றாக ஆடுகிறவரைப் பருவத்தின் நடுவில் மேலே அழைத்துக்கொள்வதும் தாய் அணியின் உரிமை. உங்கள் கையில் இருப்பது மைதானம், டிக்கெட் விற்பனை, விளம்பரம், உணவுக் கடைகள் ஆகியவைதான். அந்த இணைப்பும் நிரந்தரமானதன்று. 2021-ஆம் ஆண்டு மறுசீரமைப்பில் இணைப்பு அணிகளின் எண்ணிக்கை 160-இலிருந்து 120 ஆகக் குறைக்கப்பட்டது.

இணைப்பு இல்லாத தனி லீகுகளிலும், ஐரோப்பியக் கால்பந்தின் கீழ்நிலைப் பிரிவுகளிலும் ஆட்டக்காரர்களை அணியே ஒப்பந்தம் செய்கிறது. சுதந்திரம் அதிகம், செலவும் அதிகம். அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கினால் வருமானமும் கூடவே இறங்கும்.

விற்பனைக்கு அணியே இல்லாவிட்டால் புதிதாகத் தொடங்கும் வழி இருக்கிறது. 2002-இல் லண்டனின் விம்பிள்டன் கால்பந்து அணியை மில்டன் கீன்ஸ் நகருக்கு இடம்பெயர்த்துக்கொள்ள அனுமதி கிடைத்தபோது, அதன் ரசிகர்கள் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற அணியைப் புதிதாக அமைத்தனர். பொதுவெளியில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று தேர்வு ஆட்டங்கள் நடத்தி ஆள் எடுத்தனர். அந்த அணி 2011-இல் தொழில்முறைக் கால்பந்து லீகுக்குள் நுழைந்தது. பழைய கடன் எதுவும் தலையில் ஏறாது என்பதால், பல இடங்களில் இதுவே மலிவான வழி என்பது என் கருத்து.

படி 2: சட்ட வடிவத்தையும் விதிகளையும் எழுதுங்கள்

அணியைத் தனிநபர்கள் நேரடியாக வாங்கக் கூடாது. முதலில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தையோ, உறுப்பினர் அறக்கட்டளையையோ, லாப நோக்கற்ற நிறுவனத்தையோ பதிவு செய்து, அந்த அமைப்பின் பெயரில் அணியை வாங்க வேண்டும். எந்த வடிவம் பொருந்தும் என்பதை உங்கள் நாட்டுச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் சொல்ல வேண்டும். ஆனால் அவரிடம் போகும் முன் மூன்று கேள்விகளுக்கு நீங்களே விடை எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

ஒன்று, வாக்கு ஆளுக்கா, பணத்துக்கா? மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் அமைத்த எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் 2005-இல் தொடங்கப்பட்டபோது, யார் எவ்வளவு போட்டாலும் ஒரே வாக்குதான் என்று வைத்துக்கொண்டது. பணத்துக்கு ஏற்ப வாக்கு என்று வைத்தால் பெருந்தொகை விரைவில் சேரும். அதே வேகத்தில் நான்கைந்து பேர் கைக்கு அணி போய்விடும்.

இரண்டு, போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கலாமா? அமெரிக்கக் கால்பந்தின் கிரீன் பே பேக்கர்ஸ் சிறிய லீக் அணி அன்று என்றாலும், இதற்கு அதுதான் தெளிவான முன்மாதிரி. 1923 முதல் லாப நோக்கற்ற நிறுவனமாக இயங்கும் அதற்கு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பங்குக்கு ஈவுத்தொகை கிடையாது, சந்தையில் விற்கவும் முடியாது. இப்படி வைப்பதானால், இது முதலீடு அன்று என்பதை விண்ணப்பப் படிவத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

மூன்று, எதை எல்லோரும் முடிவு செய்வது, எதை நிர்வாகக் குழு முடிவு செய்வது? இதற்கான விதி இவ்வளவு எளிமையாக இருந்தால் போதும்: “அணியையோ மைதானத்தையோ விற்றல், அடமானம் வைத்தல், அணியின் பெயர், நிறம், ஊர் ஆகியவற்றை மாற்றுதல் ஆகியவற்றுக்கு, வாக்களித்த உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினரின் ஒப்புதல் வேண்டும், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேராவது வாக்களித்திருக்க வேண்டும்.” இரண்டாவது பகுதியை விட்டுவிட்டால், சோர்ந்துபோன ஒரு சங்கத்தில் நாற்பது பேர் கூடி மைதானத்தை விற்றுவிட முடியும்.

படி 3: பணத்துக்கு முன் வாக்குறுதியைத் திரட்டுங்கள்

எடுத்த எடுப்பில் பணம் வாங்க வேண்டாம். இத்தனை பேர் சேர்ந்தால் நானும் இவ்வளவு தருகிறேன் என்ற எழுத்துப்பூர்வ வாக்குறுதியை மட்டும் பெறுங்கள். இலக்கு எட்டிய பிறகு வாங்கும் பணம், அமைப்பாளர்கள் தொட முடியாத, வழக்கறிஞர் பொறுப்பிலுள்ள தனிக் கணக்கில் இருக்கட்டும். குறிப்பிட்ட நாளுக்குள் அணி கைக்கு வராவிட்டால் பணம் திரும்பிவிடும் என்ற தேதியும் அதில் இருக்கட்டும்.

ஆள் சேர்ப்பதற்கு உள்ளூரே சிறந்த இடம். நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டரில், ரெட் விங்ஸ் பேஸ்பால் அணியைத் தாய் அணி கைவிடத் தீர்மானித்தபோது, மோரி சில்வர் என்ற வணிகர் முன்னின்று ஊர் மக்களிடம் பங்குகளை விற்று, 1957-இல் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பங்குதாரர்கள் ஆக்கினார். ஆட்டம் பார்க்க வருகிறவர் அணி தோற்றாலும் அடுத்த வாரம் வருவார். உலகின் மறுமுனையிலிருந்து ஆர்வத்தில் சேர்ந்தவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

படி 4: கணக்குப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்

உணர்ச்சிவசப்பட்டு எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. விற்பவர் தரும் ஒரு பக்கச் சுருக்கத்தை ஏற்கக் கூடாது. தணிக்கை செய்யப்பட்ட மூன்று ஆண்டுக் கணக்குகள், வங்கி அறிக்கைகள், வரி நிலுவை, ஒவ்வோர் ஆட்டக்காரரின் ஒப்பந்தம், மைதானக் குத்தகைப் பத்திரம் ஆகிய அனைத்தையும் கேட்டு வாங்கி, உங்கள் சார்பில் ஒரு கணக்காளர் பார்க்க வேண்டும்.

எளிதில் கண்ணில் படாத ஓர் இடத்தைச் சொல்கிறேன். அடுத்த பருவத்துக்கான சீசன் டிக்கெட்டுகள் எப்போது விற்கப்பட்டன, அந்தப் பணம் இப்போது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பழைய உரிமையாளர் அந்தப் பணத்தை வாங்கி இந்தப் பருவத்தின் சம்பளத்துக்குச் செலவழித்திருந்தால், நீங்கள் வாங்கும் அணி ஓராண்டு முழுவதும் ஏற்கெனவே விற்றுத் தீர்ந்த இருக்கைகளுக்கு ஆட்டம் காட்ட வேண்டியிருக்கும். அந்தத் தொகையைக் கொள்முதல் விலையிலிருந்து கழித்தே பேச வேண்டும். விளம்பர ஒப்பந்தங்களுக்கு வாங்கிய முன்பணத்துக்கும் இதே கேள்வி பொருந்தும்.

மைதானம் யாருடையது என்பது அடுத்த கேள்வி. பழைய விம்பிள்டன் அணி 1991-இல் தன் சொந்த மைதானத்தை விட்டு வெளியேறி வேறோர் அணியின் மைதானத்தில் ஆடிவந்ததுதான், பின்னாளில் அது வேறு நகருக்குப் பெயர்க்கப்பட்டதற்கு வேர். குத்தகையானால் எத்தனை ஆண்டு மிச்சம், வாடகை எப்போது உயரும், அணி கைமாறினால் குத்தகை ரத்தாகுமா என்று பாருங்கள்.

அணிக்குப் பழைய கடன் இருப்பது தெரிந்தே வாங்குகிறவர்களும் உண்டு. எக்ஸெட்டர் சிட்டி அணியை 2003-இல் ரசிகர் அறக்கட்டளை ஏற்றபோது நிலைமை அதுதான். 2005 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டுடன் அதன் மைதானத்திலேயே கோல் இன்றிச் சமன் செய்து, மறு ஆட்டமும் வாய்த்து, அதில் வந்த வருமானம் கடனை அடைக்க உதவியது. அப்படியொரு ஆட்டத்தை யாரும் பட்ஜெட்டில் எழுத முடியாது.

படி 5: லீகின் அனுமதியைப் பெறுங்கள்

உரிமை மாற்றத்துக்கு லீகோ விளையாட்டுச் சங்கமோ ஒப்புதல் தர வேண்டும். கூட்டு உரிமையை ஏற்காத லீகுகளும் உண்டு. ஆகவே விதிப்புத்தகத்தை விலை பேசுவதற்கு முன்பே படித்துவிடுங்கள். பெரும்பாலும் பொறுப்பேற்கும் ஒருவரின் பெயரையும், பருவம் முழுவதும் செலவைத் தாங்குவதற்கான நிதிச் சான்றையும் கேட்பார்கள்.

படி 6: எதற்கு வாக்கெடுப்பு, எதற்கு வேண்டாம்?

1951 ஆகஸ்ட் 24 அன்று, செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர் பில் வீக் ஒரு வேடிக்கை செய்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்களிடம் ‘ஆம்’, ‘இல்லை’ என்று எழுதிய அட்டைகளைக் கொடுத்து, ஆட்டத்தின் நடுவில் ஒவ்வொரு முடிவையும் அவர்களிடமே கேட்டார். மேலாளர் சாக் டெய்லர் ஆடும் நாற்காலியில் ஓய்வாக உட்கார்ந்திருந்தார். பிரவுன்ஸ் 5-3 என்று வென்றது. அந்த ஒரே ஆட்டத்தோடு வேடிக்கை முடிந்தது.

எப்ஸ்ஃப்ளீட்டிலும் ஆடும் பதினொருவரை உறுப்பினர்களே தேர்வு செய்யலாம் என்ற எண்ணத்தில்தான் பலர் சேர்ந்தனர். நடைமுறையில் மேலாளர் லியாம் டெய்ஷ்தான் அணியைத் தேர்ந்தெடுத்தார். அதுவே சரி. பயிற்சியைப் பார்க்காதவருக்கு, பின்காப்பாளரின் முழங்கால் நேற்றிலிருந்து வலிக்கிறது என்பது தெரியாது. தெரியப்படுத்தவும் முடியாது, ஏனெனில் உறுப்பினர் அனைவருக்கும் சொன்னால் எதிரணிக்கும் சொன்னதாகும்.

ஆகவே ஆண்டு பட்ஜெட், டிக்கெட் விலை, நிர்வாகக் குழுத் தேர்தல், பெரிய தொகைக்கு ஆட்டக்காரரை விற்பது, மைதானம் ஆகியவற்றை உறுப்பினர் வாக்குக்கு விடுங்கள். இதில் நான்காவதை எப்ஸ்ஃப்ளீட் உறுப்பினர்கள் செய்து பார்த்திருக்கிறார்கள்: 2008-இல் ஜான் அகிண்டே என்ற முன்கள ஆட்டக்காரரை பிரிஸ்டல் சிட்டிக்கு விற்கலாமா என்று கேட்கப்பட்டபோது, பெரும்பான்மையோர் ஒப்புக்கொண்டனர். மேலாளரை நியமிப்பதையும் நீக்குவதையும் நிர்வாகக் குழுவிடம் விடுங்கள். குழு பிடிக்கவில்லை என்றால் குழுவை மாற்றுங்கள்.

படி 7: நான்கு ஆண்டுக் கணக்கை முதல் நாளே போடுங்கள்

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். 3,000 பேர், ஆளுக்கு 100 வீதம் 3,00,000 சேர்கிறது. அணிக்கு 1,80,000 கொடுத்துவிட்டால் மிச்சம் 1,20,000. டிக்கெட், விளம்பர வருமானம் எல்லாம் போக ஆண்டுக்கு 90,000 நட்டம் என்று வைத்துக்கொண்டால், முதல் ஆண்டு முடிவில் கையிருப்பு 30,000. இரண்டாம் ஆண்டு 1,200 பேர் மட்டும் சந்தாவைப் புதுப்பிக்கிறார்கள். 1,20,000 வருகிறது, நட்டம் போகக் கையிருப்பு 60,000. அதாவது பாதிக்கும் மேற்பட்டோர் விலகிவிட்ட நிலையிலும் கையிருப்பு இரட்டிப்பாகித் தெரிகிறது. இங்கேதான் குழுக்கள் மயங்கி, ஒரு முன்கள ஆட்டக்காரருக்கு மூன்று ஆண்டு ஒப்பந்தம் எழுதுகின்றன. மூன்றாம் ஆண்டு 600 பேர் என்றால் கையிருப்பு மீண்டும் 30,000. நான்காம் ஆண்டு 300 பேர் என்றால் 30,000 கடன்.

இந்தப் பட்டியலை உங்கள் எண்களோடு போட்டு, ஆண்டு நட்டம் சந்தா இல்லாமலேயே எப்போது சுழியத்தைத் தொடும் என்று பாருங்கள். தொடாவிட்டால், சம்பளப் பட்டியலைக் குறையுங்கள். கீழ்ப்பிரிவுக்கு இறங்க நேரலாம் என்பதையும் உறுப்பினர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சந்தாவை ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வாங்குவதைவிட, மாதாமாதம் தானாகப் பிடித்தம் ஆகும்படி வைப்பது நல்லது. ஆண்டுக்கு ஒருமுறை விலகலாமா என்று யோசிக்க வைக்கும் கடிதம் அப்போது யாருக்கும் போகாது.

படி 8: விற்பனை விதியை இப்போதே எழுதுங்கள்

போர்ட்ஸ்மத் அணியை 2013-இல் ரசிகர் அறக்கட்டளை திவால் நிலையிலிருந்து மீட்டது. பங்கு ஒன்று 1,000 பவுண்டு. நான்கு ஆண்டுகளில் கடன் தீர்ந்தது, அணி நான்காம் நிலை லீகை வென்றது. பழைய மைதானத்தைப் புதுப்பிக்கப் பெரும்பணம் வேண்டியிருந்தது. 2017-இல் டிஸ்னி நிறுவனத்தின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னரின் நிறுவனம் விலை பேசியபோது, பங்குதாரர்கள் பெரும்பான்மையாக விற்கச் சம்மதித்தனர். அதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். விதிப்படி, வாக்கெடுத்து, கடன் இல்லாத அணியைக் கைமாற்றினார்கள்.

விற்றால் வரும் பணம் யாருக்கு என்பதையும் இரண்டாம் படியில் எழுதிய விதிகளோடு சேர்த்துவிடுங்கள். பேக்கர்ஸ் அணியை என்றாவது விற்றால், அந்தத் தொகை பங்குதாரர்களுக்குப் போகாது, அறப்பணிக்கே போகும் என்று அதன் விதிகள் சொல்கின்றன. உறுப்பினர்களுக்கே பகிர்வதானால், ஆளுக்கு அவர் போட்ட தொகை வரைதான் என்று உச்சவரம்பு வையுங்கள். விலை பேச யாரும் வராத இந்த நாளில் இதற்குக் கை தூக்க எல்லோரும் தயாராக இருப்பார்கள்.