பாப்அப் மெசேஜ் போய்ச் சேரவில்லையா?

ஆபீஸ் நெட்வொர்க்கில் இன்னொரு கணினியின் திரைக்குச் செய்தி அனுப்ப இன்னும் 'நெட் சென்ட்' கட்டளையைத் தட்டிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். விண்டோஸ் விஸ்டாவிலேயே அதை எடுத்துவிட்டார்கள். இப்போது இருப்பது 'எம்எஸ்ஜி' கட்டளை. விண்டோஸ் ஹோம் பதிப்பில் அதுவும் கிடையாது, தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

முதலில் செய்தி பெறும் கணினியின் பெயருக்கு பிங் (தொடர்பு கிடைக்கிறதா என்று சோதிக்கும் கட்டளை) கொடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் சரியான ஐபி முகவரி வந்தாலே போதும். பதில் வராவிட்டால் ஃபயர்வால் (நெட்வொர்க் தொடர்புகளை வடிகட்டும் பாதுகாப்பு) பிங்கை மறித்திருக்கலாம்.

சரி, எம்எஸ்ஜி அனுப்பும்போது 'எரர் 5' என்று முறைக்கிறதா? அனுமதிச் சிக்கல். பெறும் கணினியின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்), கன்ட்ரோல் பகுதிக்குள் உள்ள டெர்மினல் சர்வரைத் திறந்து, 'அலோரிமோட்ஆர்பிசி' மதிப்பை 0-இலிருந்து 1 ஆக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். பலரும் இதை அனுப்பும் கணினியில் மாற்றிவிட்டுத் திண்டாடுவார்கள்.

'எரர் 1722' வந்தால் பெரும்பாலும் ஃபயர்வால்தான். பெறும் கணினியின் ஃபயர்வாலில் டிசிபி 445 போர்ட்டை (தகவல் நுழையும் எண்ணிட்ட வாசல்) ஆபீஸ் நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.