செட்டைப் பிரித்தால் கையைக் கடிக்கும்

போன வாரம் எங்கள் சுங்க முகவர் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த தம்பி, ஒரு பில் ஆஃப் என்ட்ரியின் (இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் கொடுக்கும் படிவம்) செக்லிஸ்ட்டை நீட்டினார். முடிவெட்டும் செட் ஒன்று, ஆறு வரியாகப் பிரிந்து கிடந்தது.

"யாருப்பா இப்படிப் பிரிக்கச் சொன்னது?"

"ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி கோடு நம்பர் இருக்கே சார்."

கோடு என்பது சரக்கின் வகையைச் சொல்லும் சுங்க எண்; தீர்வை அதை வைத்துத்தான். 2011இல் சுயமதிப்பீடு, அதாவது கோடு எண்ணையும் தீர்வையையும் இறக்குமதியாளர் தரப்பே போட்டுச் சொல்லும் முறை, வந்த புதிதில் நானும் இதையேதான் சொன்னேன். இன்வாய்ஸ் தேதியை மாற்றிப் போடுவது, எண்ணைத் தப்பாகத் தட்டுவது எல்லாம் அடி வாங்கினால் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிட்டு, கோடு போடுவதில் வரும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

செட்டை வரிவரியாகப் பிரிப்பது

அன்று என் கைக்கு வந்தது தோல் உறைக்குள் ஒரு மின்சார கிளிப்பர், சீப்பு, கத்தரி, பிரஷ், சின்னத் துண்டு. கிளிப்பருக்கு 8510, சீப்புக்கு 9615, கத்தரிக்கு 8213, பிரஷுக்கு 9603, துண்டுக்கு 6302, உறைக்கு 4202. இன்வாய்ஸில் ஒரே விலைதான். அதையும் நானே ஆறாகப் பங்கு போட்டேன். பெரிய வேலை செய்துவிட்ட நினைப்பு வேறு.

பில்லைச் சரிபார்க்கும் சுங்க அதிகாரியான அப்ரைசர் கேட்டது ஒன்றுதான்: "விதி 3(பி) படிச்சிருக்கீங்களா?"

செட்டுக்கு ஒரே கோடு போடச் சொல்லும் அந்த விதிக்கு, உலக சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்பில் கொடுத்திருக்கும் உதாரணமே இந்தச் செட்தான். துண்டு, தோல் உறை வரை அப்படியே இருக்கிறது. செட்டின் முக்கியத் தன்மையைக் கொடுப்பது கிளிப்பர் என்பதால் மொத்தமும் 8510. நான் பக்கத்தைப் புரட்டியிருந்தால் போதும். திருத்தம் போட்டு முடிப்பதற்குள் பெட்டி கன்டெய்னர் கிடங்கான சி.எஃப்.எஸ்ஸில் கிடந்து வாடகை ஏறியது. இறக்குமதியாளர் அதை எங்கள் பில்லில் கழித்துக்கொண்டார்.

அதோடு விட்டேனா? அடுத்த சரக்கில் எதிர்ப்பக்கம் போய் விழுந்தேன். கிளிப்பர் தனிக் கார்ட்டனில், துண்டுகள் கட்டுக்கட்டாக, சீப்புகள் மொத்தமாக ஒரு பையில். "குடோன்ல செட் போட்டுக்குவோம்" என்றார் முதலாளி. சரி என்று எல்லாவற்றையும் 8510இல் அடைத்தேன். ஆனால் மறுபடி பேக் செய்யாமல் வாங்குபவர் கையில் அப்படியே கொடுக்கும் நிலையில் வந்திறங்கினால்தான் விதிப்படி அது செட். குடோனில் உருவாகும் செட் கணக்கில் வராது. பல மாதம் கழித்து ஆடிட்டில் பிடித்து, குறைந்த தீர்வையை வட்டியோடு கேட்டார்கள். இன்று அந்த வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம். சாதாரணத் தவறுக்கு 2 வருடம் வரை நோட்டீஸ் வரலாம். மறைத்ததாக முடிவு கட்டினால் 5 வருடம். இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான், அதிலும் முதல் அடியே உறைக்காத என் மேல்.

இப்போதெல்லாம் செட் என்று யாராவது சொன்னால், கார்ட்டனைத் திறந்து எடுத்த போட்டோவைக் கேட்டு வாங்கிவிட்டுத்தான் கோடு பக்கமே போகிறேன்.

"டிராவல் கிட்" என்றதும் 9605

9605 பயணச் செட்டுகளுக்கான கோடு. ஆனால் நகவெட்டி, நகராவி அடங்கிய மேனிக்யூர் செட் எந்தப் பையில் வந்தாலும் 8214தான்.

மோட்டாரைப் பார்க்காமல் 8510

ஷேவர், கிளிப்பர், முடி நீக்கும் கருவி எல்லாம் 8510தான், ஆனால் உள்ளே மின்மோட்டார் இருக்க வேண்டும். கையால் அழுத்தும் பழைய சலூன் மெஷின் 8214. ஒளியைப் பாய்ச்சி முடி நீக்கும் ஐ.பி.எல். கருவியில் மோட்டார் முடியை நீக்குவதில்லை, அது 8543. ஹேர் டிரையரில் மோட்டார் சுற்றினாலும் அதற்கு 8516இல் தனி இடம் உண்டு. இந்தக் கடைசி விஷயத்தில்தான் புதியவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

பிளேடு என்றதும் 8212

8212 ரேஸருக்கும் அதன் பிளேடுக்கும். ஆனால் மின்சார ஷேவரின் தலையும் பிளேடும் 8510க்குப் போகும். சுங்கத் தீர்வைப் பட்டியலில் 82ஆம் அத்தியாயத்தின் 2ஆம் குறிப்பே அப்படிச் சொல்கிறது.

சப்ளையர் கொடுத்த கோடு

வெளிநாட்டு சப்ளையர் கொடுத்ததை அப்படியே போடாதீர்கள்: முதல் ஆறு இலக்கம்தான் உலகத்துக்குப் பொது. அதையும் சரிபாருங்கள்.

3307 வரை பார்த்துவிட்டு நிறுத்துவது

2025 செப்டம்பர் 22 முதல் ஷேவிங் க்ரீமுக்கும் ஆஃப்டர்ஷேவ் லோஷனுக்கும் ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதியில் கட்டும் ஜி.எஸ்.டி.) 5 சதவீதம். அதே 3307இல் இருக்கும் டியோடரண்டுக்கு 18. செட்டாக இல்லாமல் ஒரே கார்ட்டனில் இரண்டும் வந்தால் பில் ஆஃப் என்ட்ரியில் இரண்டு வரியாகப் பிரித்துக் காட்டுங்கள். இங்கே பிரிக்கத்தான் வேண்டும்.