குறைவாகச் சாப்பிட்டும் நிறை இறங்கவில்லையா? தராசை அடுப்படிக்குக் கொண்டுபோங்கள்

"காலையில வெறும் தேத்தண்ணி, மத்தியானம் ஒரு பிடி சோறு, இரவுக்கு நாலு இடியப்பம். அப்படியிருந்தும் ஒரு கிலோ இறங்குதில்லை." இப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் நினைவில் நிற்பது சோறும் இடியப்பமும் மட்டும். சொதியில் விழுந்த தேங்காய்ப்பாலையும் தாளித்த எண்ணெயையும் தேத்தண்ணிக்குள் போன சீனியையும் உடம்பு தனியாக எழுதி வைத்துக்கொள்கிறது.

1200 கலோரிக்கும் குறைவாகச் சாப்பிட்டும் மெலியவில்லை என்று சொன்ன சிலரை நியூயோர்க்கில் ஆராய்ந்து, முடிவை 1992 இல் வெளியிட்டார்கள். அவர்கள் உடம்பு சக்தியைச் செலவழிக்கும் வேகம் எல்லோரையும் போலத்தான் இருந்தது. உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவாகவும், செய்த உடலசைவை 51 சதவீதம் கூடவும் சொல்லியிருந்தார்கள்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. குள்ளமான, வயது போன பெண்களுக்குத் தேவை உண்மையிலேயே குறைவு. நிறையை (கிலோ) 10 ஆலும் உயரத்தை (செ.மீ.) 6.25 ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். அதில் வயதின் ஐந்து மடங்கைக் கழியுங்கள். பெண்ணென்றால் இன்னும் 161 கழிக்க வேண்டும், ஆணென்றால் 5 கூட்ட வேண்டும். வருவது படுத்தே கிடந்தாலும் உடம்பு ஒரு நாளைக்குச் செலவழிக்கும் கலோரி. 55 வயது, 152 செ.மீ., 60 கிலோ பெண்ணுக்கு அது ஏறத்தாழ 1115. பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருப்பவர் இதை 1.2 ஆல் பெருக்க வேண்டும்: 1340. இவர் 1300 கலோரி சாப்பிட்டு அதே நிறையில் நிற்பதில் மர்மம் எதுவுமில்லை. தினமும் நடப்பவரென்றால் 1.375 ஆல் பெருக்கலாம்: 1530. இந்த 200 கலோரி வித்தியாசத்தை மறக்க வேண்டாம், பிறகு தேவைப்படும்.

முதல் 14 நாள்: ஒன்றையும் குறைக்காதீர்கள்

ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் சமையல் தராசு ஒன்றும், ஆள் நிறுக்கும் தராசு ஒன்றும், ஒரு கொப்பியும் வேண்டும். ஆள் தராசைப் பாயில் வைக்காமல் கல்நிலத்தில் வையுங்கள். விடியற்காலையில் கழிப்பறை போய்வந்து, வாயில் எதுவும் படுமுன் தினமும் நிறுத்து எழுதுங்கள். முதல் ஏழு நாள் சராசரியையும் அடுத்த ஏழு நாள் சராசரியையும் ஒப்பிடுங்கள். ஒரு நாள் எண்ணை இன்னொரு நாள் எண்ணோடு ஒப்பிட்டால் பைத்தியம்தான் பிடிக்கும். முதல் நாள் இரவு கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டிருந்தால், அந்த உப்பு பிடித்துவைத்த தண்ணீரே அடுத்த நாள் ஒரு கிலோ வரை காட்டலாம். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் மலச்சிக்கலிலும் இப்படித்தான்.

சாப்பாட்டை நிறுப்பதில் ஆட்கள் தடுக்கி விழும் இடம் கறிச் சட்டி. வெறும் சட்டியின் நிறையை ஒருமுறை நிறுத்து, மூடியிலேயே எழுதி வையுங்கள். அரைக் கிலோ பாரை மீன் கறி என்று வைத்துக்கொள்வோம். மீன் 500 கலோரி, திருவிய தேங்காய் 150 கிராம் 530, தாளித்த எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி 240, வெங்காயம், தக்காளி, புளி எல்லாம் 60. மொத்தம் 1330. பிழிந்த சக்கையில் கொஞ்சம் தங்கும்தான், ஆனாலும் தேங்காயை முழுதாகவே கணக்கில் போடுங்கள். கறி இறக்கியதும் சட்டியோடு 1950 கிராம், வெறும் சட்டி 850 என்றால் கறி 1100 கிராம். அதாவது கிராமுக்கு 1.2 கலோரி. கோப்பையில் 200 கிராம் விட்டால் 240. இதே கறியைப் பாதித் தேங்காயிலும் ஒரு தேக்கரண்டி எண்ணெயிலும் வைத்தால் அதே 200 கிராம் 160 கலோரிக்குக் கிட்ட வரும். மீனில் ஒரு துண்டுகூடக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தது சோறு. 100 கிராம் அரிசி 360 கலோரி, 100 கிராம் சோறு 130. அரிசிக்குச் சோற்றின் எண்ணைப் போட்டால் கணக்கு தலைகீழ். ஒரு இறாத்தல் பாண் 450 கிராம், அதில் கால்வாசி ஏறத்தாழ 300 கலோரி. 200 கிராம் அரிசிமாவில் 100 கிராம் தேங்காய்ப்பூப் போட்டு அவித்த புட்டு முழுவதும் 1085. மூன்று பேர் பங்கிட்டாலும் ஆளுக்கு 360, வாழைப்பழமும் சீனியும் தனி.

தேத்தண்ணியைத் தண்ணீர் என்று நினைப்பதுதான் நமது பெரிய பிழை. குவித்து அள்ளிய இரண்டு கரண்டி சீனி 12 கிராம், பால்மா 15 கிராம் என்றால் ஒரு கோப்பைக்கு 120 கலோரிக்கு மேல். ஒரு நாளைக்கு நாலு கோப்பை குடிப்பவர் ஒரு நேரச் சாப்பாட்டைக் குடித்தே முடிக்கிறார். திருகோணமலை டச்சுக் குடாக் கடற்கரையில் காற்று வாங்கப் போய்க் கொறிக்கும் 50 கிராம் கச்சான் 285 கலோரி. அதை எரிக்க 60 கிலோ ஆள் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை விரதத்தையும் நோன்பு காலத்தையும் விடாமல் எழுதுங்கள். ஒரு நேரச் சாப்பாடு என்றாலும் வடை, பாயசம், பொரித்த அப்பளம் சேர்ந்தால் மூன்று நேரத்துக்கு ஈடு. நோன்பு திறக்கும்போது கஞ்சியோடு நிறுத்தினால் சரி, கூடவே சமோசாவும் ரோல்ஸும் வந்தால் அவற்றையும் போடுங்கள். சனி, ஞாயிறில் கொத்து ரொட்டியும் கல்யாண வீடும் வரும். ஐந்து நாள் 1200, இரண்டு நாள் 2500 என்றால் சராசரி 1570.

எழுதத் தொடங்கினால் வெட்கத்தில் பலர் வழக்கத்தைவிடக் குறைவாகச் சாப்பிடுவார்கள். அப்படிச் செய்தால் இந்த 14 நாளும் வீண். இரண்டு வாரச் சராசரி நிறையும் ஒன்றாக இருந்தால், கொப்பியில் விழும் சராசரிக் கலோரிதான் உங்கள் நிற்கும் அளவு. அதில் கொஞ்சம் விடுபட்டிருந்தாலும் பயமில்லை. இதே மாதிரியே தொடர்ந்து எழுதினால் பிழையும் அதே அளவில் தொடரும், குறைப்பது மட்டும் உண்மையாக நடக்கும்.

இனிக் குறைப்பது

நிற்கும் அளவிலிருந்து 250 முதல் 300 கலோரி போதும். ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7700 கலோரி. ஆகவே மாதம் ஒரு கிலோ இறங்கும், பிறகு வேகம் குறையும். தேங்காய், எண்ணெய், சீனி, பால்மா, கடைத் தீனி என்ற வரிசையில் கை வையுங்கள். மீன், முட்டை, பருப்பில் கை வைக்க வேண்டாம். புரதம் குறைந்தால் தசையும் சேர்ந்து கரையும். 60 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 70 கிராம் புரதத்தைக் குறி வையுங்கள். 200 கிராம் மீன் 40 கிராம் தரும், இரண்டு முட்டை 12, 75 கிராம் பருப்பு 18. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் இந்த அளவை வைத்தியரிடம் கேட்ட பிறகே எடுக்க வேண்டும்.

மேலே சொன்ன 60 கிலோ பெண் 1340 இல் 300 ஐ வெட்டினால் 1040 இல் வந்து நிற்பார். அது கூடாது. வைத்தியரின் கண்காணிப்பில்லாமல் பெண்கள் 1200 க்கும் ஆண்கள் 1500 க்கும் கீழே போகக் கூடாது. பட்டினி கூடக்கூட உடம்பு தானாகவே அசைவைக் குறைத்துக்கொள்ளும்: படியேற மனம் வராது, நின்று செய்த வேலையை இருந்து செய்வார்கள். இவருக்கு வழி அந்த 200 கலோரி. நடந்து 1530 க்கு ஏறி, சாப்பாட்டை 1250 முதல் 1300 வரை வைத்துக்கொள்ளலாம்.

நடைக்குத் திருகோணமலையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. உட்துறைமுக வீதி சமதரை, முழங்கால் நோவுள்ளவர்களுக்கு அதுதான் வசதி. மற்றவர்கள் பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து கோணேஸ்வரம் வரை ஏறலாம், மான்களுக்கு வழி விட்டால் போதும். கச்சான் காற்று என்னும் வெக்கைக் காற்று வீசும் மாதங்களில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். மாரி மழை நாட்களில் நடை நின்றுபோவதும் நிறை ஏற ஒரு காரணமாகலாம். அந்த நாட்களில் வீட்டுக்குள்ளேயே கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி இருப்பதைப் பத்துப் பத்தாக மூன்று முறை செய்யுங்கள். ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டைக் கையில் பிடித்தால் தசைக்கு இன்னும் வேலை கிடைக்கும்.

யார் முதலில் கிளினிக் போக வேண்டும்

சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ கிளிக்லசைட்டோ எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் சாப்பாட்டைக் குறைத்தால் சீனி திடீரென்று இறங்கி மயங்கி விழக்கூடும். ஸ்டீரொயிட் மருந்தான பிரெட்னிசலோன், சில மனநல மருந்துகள், வலிப்பு மருந்தான வல்புரோவேற் ஆகியவை நிறையைக் கூட்டும். தாங்களாகவே நிறுத்தாமல், மாற்று உண்டா என்று கேளுங்கள். களைப்பு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை சேர்ந்திருந்தால் தைரொயிட்டுக்கு ரி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை செய்யலாம். ஆனால் தைரொயிட் குறைவால் ஏறுவது பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் கூடிய பங்கு உப்பும் நீரும். கால் வீக்கமும் மூச்சு வாங்குவதும் இருந்தால் இந்தக் கணக்கையெல்லாம் விட்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் நிறை குறைக்க வேண்டாம். உடல் நிறைச் சுட்டி (கிலோ நிறையை மீற்றர் உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவது) 23 க்குக் கீழே, இடுப்பளவு பெண்ணுக்கு 80, ஆணுக்கு 90 செ.மீ. க்குக் கீழே என்றால் பெரும்பாலும் குறைக்கத் தேவையே இல்லை.

மூன்று வாரச் சராசரி அசையாமல் நின்றால் முதலில் தராசையும் கொப்பியையும் சந்தேகியுங்கள். அந்த நேரத்தில் பெரும்பாலும் எண்ணெய்க் கரண்டி மறுபடி கண்ணளவுக்குப் போயிருக்கும். அப்படியில்லையென்றால் புதிய நிறையைப் போட்டு அந்தப் பெருக்கலை மறுபடி செய்யுங்கள். ஐந்து கிலோ இறங்கியவருக்கு 50 முதல் 70 கலோரி தேவை குறைந்திருக்கும். அதைச் சரிக்கட்ட இரண்டு கோப்பைத் தேத்தண்ணியின் சீனியை விட்டாலே போதும்.