அதிர்வெண் அட்டவணையை அடிக்குறிப்போடு சேர்த்துப் படிக்கும் முறை

மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதிக்கப்படுவதைக் கேட்டு வளரும் திருநெல்வேலிப் பக்கத்து மாணவர்களுக்குத் தாமும் ஒரு சிறு செயற்கைக்கோள் செய்யும் ஆசை எழுவது இயல்பே. எனினும் முதல் கம்பியைப் பற்றவைப்பதற்கு முன்பே, அது எந்த அதிர்வெண்ணில் பேசும் என்பதை முடிவுசெய்துவிட வேண்டும்.

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி ஒழுங்குவிதிகளில், எந்த அதிர்வெண் எந்தச் சேவைக்கு (அதாவது எந்த வகை வானொலிப் பயன்பாட்டுக்கு) என்று காட்டும் அட்டவணை உள்ள 5ஆம் உறுப்பைத் திறந்துகொள்ளுங்கள். உலகம் அங்கே மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இந்தியா மூன்றாவதில் இருப்பதால், வலக்கோடி நிரலே நமக்குரியது. பெயர் முழுவதும் ஆங்கிலத் தலைப்பெழுத்துகளில் (capital letters) அச்சிட்ட சேவை முதன்மை உரிமை பெற்றது, மற்றது இரண்டாம்நிலை. தாமிரபரணிக் கால்வாயில் ஆயக்கட்டுக்குப் பாய்ந்து மிஞ்சிய நீரை நம்பிப் பயிரிட்டவர் தண்ணீர் வரவில்லையென்று முறையிட முடியாததைப் போல, இரண்டாம்நிலைச் சேவை முதன்மைச் சேவையிடமிருந்து பாதுகாப்புக் கோர முடியாது. அதற்கு இடையூறு செய்யவும் கூடாது.

பெரும்பாலோர் தவறுவது இதற்கடுத்த இடத்தில்தான். மாணவர் செயற்கைக்கோள்கள் பல 435–438 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன; ஆனால் அட்டவணையின் 432–438 கட்டத்தில் அமெச்சூர் (வணிக நோக்கமற்ற ஆர்வலர்களின்) செயற்கைக்கோள் சேவையின் பெயரே இராது. அந்த அனுமதி 5.282 என்னும் அடிக்குறிப்பில், பிற சேவைகளுக்குத் தீங்கு செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒளிந்திருக்கிறது. பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைப் படிக்காமல் நிலம் வாங்குவாரும் உண்டல்லவா?

சேவையின் பெயருக்கு அருகில் அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் விட்டுவிடாதீர்கள். 2200–2290 மெகாஹெர்ட்ஸ் விண்வெளி ஆய்வுக்கு விண்ணிலிருந்து புவி நோக்கிய திசையில் கிடைக்கும். அதை ஒட்டிய 2290–2300இல் விண்வெளி ஆய்வுக்கான இடம் ஆழ்விண்வெளிக்கு மட்டுமே உரியது. ஆழ்விண்வெளி என்பது புவியிலிருந்து 20 லட்சம் கிலோமீட்டரும் அதற்கு அப்பாலும் என விதி வரையறுப்பதால், ஏறத்தாழ 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இந்தியாவின் சூரிய ஆய்வுக்கலம் ஆதித்யா-எல்1 கூட இந்தக் கணக்கில் அருகிலுள்ளதே.

பின்னர் இந்தியாவின் தேசிய அதிர்வெண் ஒதுக்கீட்டுத் திட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அமெச்சூர் அதிர்வெண் பட்டையானால் பன்னாட்டு அமெச்சூர் வானொலி ஒன்றியத்தின் ஒருங்கிணைப்பையும், எந்தப் பட்டையானாலும் தொலைத்தொடர்புத் துறையின் அதிர்வெண் ஒப்புதலையும் பெற வேண்டும். ஆன்டெனாவை அதன் பிறகு வெட்டுங்கள்; 437 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம், அதாவது எளிய கம்பி ஆன்டெனாவின் நீளம், ஏறக்குறைய 17 சென்டிமீட்டர், 2250க்கோ 3.3 சென்டிமீட்டர்தான்.