கார் நிறுத்தும் தளம்: மேல்பூச்சு பெயர்ந்த கதை

வீட்டு முன்பக்கம் கார் நிறுத்தும் கான்கிரீட் தளம் குழி விழுந்துவிட்டது என்று, அதன் மேலேயே ஒரு அங்குலத்துக்குச் சிமெண்ட் கலவை போட்டோம். நாலே மாதம். கம்பியால் தட்டினால் 'டொப் டொப்' என்று வெற்றுச் சத்தம். ஒரு மூலையை நெம்பினேன், அப்பளம் மாதிரி முழுசாக வந்தது. அடிப்பக்கம் வழவழவென்று, பழைய தளத்தின் தூசி அப்படியே ஒட்டியிருந்தது. கலவையில் குறை இல்லை, பிடிமானம்தான் இல்லை.

இரண்டாம் முறை கொத்தனாரை அவசரப்பட விடவில்லை. பழைய தளம் முழுக்க உள்ளே இருக்கும் ஜல்லி தெரியும்வரை கொத்தினோம். எண்ணெய்க் கறை ஊறிய இடத்தை ஆழமாகவே வெட்டி எடுத்தோம். தூசியைப் பெருக்கினால் போதாது, தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். ராத்திரி முழுக்க நனையவிட்டு, காலையில் தேங்கிய தண்ணீரைத் துடைத்தோம். உள்ளே ஈரம் இருக்கணும், மேலே மினுமினுப்பு இருக்கக்கூடாது.

எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் (பழையதும் புதியதும் ஒட்டிப் பிடிக்க உதவும் செயற்கை ரப்பர் பால்) கலந்த சிமெண்ட் பாலை பிரஷால் அழுத்தித் தேய்த்தோம். இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்: அது காய்ந்துவிட்டால் ஒட்டாது, நடுவே பிரிக்கும் ஏடாகிவிடும். அதனால் பத்தடிக்குள் பூசுவது, உடனே கான்கிரீட் போடுவது என்று நகர்ந்தோம். கனம் இரண்டு அங்குலம், பொடி ஜல்லி. பழைய தளத்தில் இணைப்புக்கோடு (கண்டபடி வெடிக்காமல் இருக்க விடும் பிளவு) இருந்த இடத்திலேயே புதியதிலும் வெட்டு. ஏழு நாள் ஈரச் சாக்கு.

இரண்டு மழைக்காலம் போயாச்சு. நேற்றுகூடத் தட்டிப் பார்த்தேன், 'ணங்' என்றது.