தோல் உரிந்த வயரைத் தொடும் முன்பும் பின்பும்

ஃபேனைக் கழற்றிய இடத்தில் தொங்கும் இரண்டு முனைகள், பரண் மேல் எலி கடித்துச் செம்பு தெரியும் வயர், ஆணி அடிக்கப்போய்க் கீறிவிட்ட சுவர் வயர், அயர்ன் பாக்ஸின் கழுத்தில் பிய்ந்த தோல். நான்குக்கும் வைத்தியம் வெவ்வேறு. ஆனால் எதில் கை வைப்பதானாலும், அதில் கரண்ட் இல்லை என்று முதலில் உறுதி செய்தாக வேண்டும். சுவிட்சை அணைத்துவிட்டேன் என்பது கணக்கில் வராது. பழைய வீடுகள் சிலவற்றில் சுவிட்சைக் கரண்ட் வரும் பேஸ் வயரில் போடாமல், அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் போட்டிருப்பார்கள். விளக்கு அணைந்திருக்கும், ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே நிற்கும்.

அதற்கும் முன் ஒரு கேள்வி: அது யாருடைய வயர்? போஸ்டிலிருந்து மீட்டர் வரை வருவது மின்வாரியத்தின் பொறுப்பில் உள்ள சர்வீஸ் வயர். அதில் தோல் போயிருந்தாலும், ஜன்னல் கம்பியில் உரசினாலும் நீங்களும் தொடக்கூடாது, தெரு முனை எலக்ட்ரீஷியனும் தொடக்கூடாது. பிரிவு அலுவலகத்தில் சொல்லுங்கள், அல்லது மின்னகம் 94987 94987 எண்ணில் புகார் கொடுங்கள். அந்த வயரைத் தாங்கி வரும் ஜி.ஐ. கம்பியில் துணிக்கொடி கட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. உரசி உரசித் தோல் போனால் கம்பி முழுக்கக் கரண்ட் ஏறும். ஈரத்துணி போடும் கைக்கு அது போதும். ஏற்கெனவே கட்டியிருந்தால் நீங்களே அவிழ்க்கப் போகாதீர்கள், மின்வாரியத்தார் லைனை நிறுத்திய பிறகு அவிழ்க்கட்டும்.

கரண்டை நிறுத்துவது

அந்த லைனுக்கான எம்.சி.பி.யை (சுமை கூடினால் தானே விழும் சுவிட்சை) மட்டும் இறக்குவது போதாது. அது பேஸை மட்டும் துண்டிக்கும், நியூட்ரல் இணைப்பிலேயே இருக்கும். எங்காவது நியூட்ரல் அறுந்திருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு சாதனத்தின் வழியாக அந்தக் கறுப்பு நியூட்ரல் வயரிலும் பேஸ் திரும்பி வரும். அதனால் பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் மெயின் சுவிட்சையே இறக்குங்கள். பழைய ஃப்யூஸ் போர்டு என்றால் மெயினை இறக்கிய பிறகு ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பலர் கோட்டை விடும் இடம் இன்வெர்ட்டர். மெயினை இறக்கியதும் அது "கரண்ட் போய்விட்டது" என்று நினைத்து லைட், ஃபேன் லைனுக்குத் தானே 230 வோல்ட் கொடுக்கத் தொடங்கிவிடும். அதன் முன்பக்க சுவிட்சையும் அணையுங்கள். பேட்டரியோடு சோலார் இருந்தால் அதன் அவுட்புட் எம்.சி.பி.யையும் இறக்குங்கள். பிறகு மெயின் சுவிட்சின் கைப்பிடிமேல் டேப் ஒட்டி, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் யாராவது ஒருவர் "ட்ரிப் ஆயிடுச்சு போல" என்று தூக்கிவிடுவார்.

இப்போது சோதனை. டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம். அதன் சின்ன விளக்கு எரிவதே உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குப் போகும் துளிக் கரண்டில்தான். பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் நின்றால் மங்கலாக எரியும், வெயில் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். மெயினை இறக்கும் முன் ஒரு நல்ல பிளக்கில் ஏ.சி. வோல்ட்டில் வைத்து, 230க்குப் பக்கத்தில் காட்டுகிறதா என்று பாருங்கள். இறக்கிய பிறகு பழுதான வயரில் பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் என மூன்று ஜோடியையும் அளங்கள். மூன்றும் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். கடைசியாக டி.சி.யில் வைத்து ஒரு பேட்டரி செல்லைத் தொட்டுப் பாருங்கள். 1.5 வோல்ட் காட்டினால் மீட்டர் லீடு நடுவில் அறுந்துவிடவில்லை என்று அர்த்தம். லீடு அறுந்த மீட்டர் உயிருள்ள வயரிலும் பூஜ்யம்தான் காட்டும்.

யாராவது கரண்டில் மாட்டிக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். மெயினை இறக்குங்கள், முடியாவிட்டால் காய்ந்த பலகைமேல் நின்று காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிடுங்கள். 108ஐ அழையுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்கு, ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்துங்கள்.

சரிசெய்வது

தொங்கும் முனைகள்தான் எளிது. இரண்டையும் சேர்த்து முறுக்கி ஒரே டேப் சுற்றி விடுகிறவர்கள் உண்டு. சுவிட்சைப் போட்டதும் பேஸும் நியூட்ரலும் நேராக மோதிவிடும். ஒவ்வொரு முனையையும் தனித்தனி கனெக்டரில் திருகி, மூடியுள்ள பெட்டிக்குள் வையுங்கள். கனெக்டருக்கு 8 மி.மீ. அளவு தோல் சீவினால் போதும், வெளியே செம்பு தெரியக்கூடாது.

தோல் மட்டும் கீறி, செம்பு சேதமில்லாமல் இருந்தால் டேப் ஒட்டலாம். துடைத்துக் காயவைத்து, கீறலுக்கு இருபுறமும் 5 செ.மீ. தள்ளித் தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடும்படி இழுத்து மூன்று அடுக்கு சுற்றுங்கள். இது தற்காலிகம்தான். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் ஒரு கோடை வெயில் பட்டால் பசை இளகி டேப் நழுவிவிடும்.

எலி கடித்த இடத்தை உற்றுப் பாருங்கள். 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயருக்குள் 0.3 மி.மீ. கனத்தில் 22 இழைகள் இருக்கும். அதில் ஏழெட்டு அறுந்தால் மீதி இழைகள் முழுச் சுமையையும் தாங்கி அந்த ஓரிடத்தில் மட்டும் சூடாகும். டேப் அதை மறைக்குமே தவிர ஆற்றாது. ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டி வரை முழு வயரையும் மாற்றுங்கள். பழைய வயரின் முனையில் புதியதைக் கட்டி, ஒருவர் தள்ள ஒருவர் இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். பைப்புக்குள் ஜாயிண்ட் வேண்டவே வேண்டாம். மழையில் சுவர் ஊறும்போது முதலில் கசிவது அங்கேதான்.

லைட், ஃபேனுக்கு 1.5 ஸ்கொயர், கீசர், ஏ.சி.க்கு 4 ஸ்கொயர் போடுங்கள். தோல் கருகியிருந்தால் அது எலி வேலை இல்லை, சுமை அதிகம் அல்லது திருகு தளர்ச்சி. அதற்குப் பெரிய எம்.சி.பி. மாற்றினால் அடுத்த முறை எம்.சி.பி. விழும் முன் வயர் உருகும். வளைத்தால் தோல் மொறுமொறுவென உடைகிறது என்றால் அந்த லைனின் ஆயுள் முடிந்தது, ஒட்டுப்போடுவதில் அர்த்தமில்லை.

சாதனங்களின் வயருக்கு டேப்பே கிடையாது, முழு வயரையும் மாற்றுங்கள். அயர்ன் பாக்ஸுக்கு மேலே நூல் பின்னிய, சூடு தாங்கும் வயர்தான் சரி. இங்கே நிறத்தில் ஒரு பொறி இருக்கிறது: சாதன வயரில் நீலம் நியூட்ரல், பழுப்பு பேஸ். த்ரீ பேஸ் வீட்டு வயரிங்கிலோ சிவப்பு, மஞ்சளைப் போல நீலமும் பேஸ், கறுப்புதான் நியூட்ரல்.

மீண்டும் போடும்போது

எல்லா மூடிகளையும் திருகிய பிறகு மெயினைப் போட்டு, ஆர்.சி.சி.பி.யில் (கரண்ட் கசிந்தால் தானே விழும் பாதுகாப்பு சுவிட்சில்) 'டி' பட்டனை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அதை மாற்றுங்கள். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ரகம்தான் வேண்டும். அது இருக்கிற தைரியத்தில் ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் அது விழாது, அதன் கண்ணுக்கு நீங்களும் ஒரு பல்புதான்.

பழுது பார்த்த பிறகு ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருந்தால் எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதில் விழுகிறதோ அந்த லைனில் கசிவு. எல்லாம் இறங்கியிருந்தும் விழுந்தால் எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது, எம்.சி.பி. நியூட்ரலைத் துண்டிக்காததால் இந்த வழியில் அது அகப்படாது. 500 வோல்ட் மெகர் (வயரின் தோல் கரண்டைக் கசியவிடுகிறதா என்று அளக்கும் கருவி) வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, சாதனங்களை எல்லாம் பிடுங்கிவிட்டு அளக்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டும் லைனைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். "ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் பண்ணிடலாம் சார்" என்று அவர் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.