கோல்ஃப் கோச்சை மாற்றும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோல்ஃப் பழக ஆரம்பித்து ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆனவர்களிடமிருந்து தவறாமல் வரும் கேள்வி: “இந்தக் கோச்சை விட்டுவிட்டு வேறொருவரிடம் போகலாமா?” கேள்வியில் தப்பில்லை. போயே ஆக வேண்டிய சமயமும் உண்டு. ஆனால் அதை முடிவு செய்யும் விதத்தில் புதியவர்கள் ஒவ்வொருவரும் ஒரே பள்ளத்தில் விழுகிறார்கள். இன்று நன்றாக ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் விழுந்து எழுந்த பள்ளம்தான் அது. தெரிந்தும் பார்த்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறோம்.

கட்டணம் கட்டுப்படியாகிறதா, நேரம் ஒத்துவருகிறதா, ஆள் மரியாதையாகப் பேசுகிறாரா என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுவோம். கீழே திசை சொல்லும் இடங்களில் எல்லாம் வலது கை ஆட்டக்காரரை மனத்தில் வைத்துச் சொல்கிறோம். இடது கைக்காரர்கள் இடவலம் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) பறந்த பந்தை நம்புவது

புதுக் கோச்சிடம் சோதனை வகுப்பு. கையில் 7 ஐயன் (நடுத்தர தூரத்துக்கான கோல்ஃப் மட்டை, அதாவது கிளப்). ஒரே இலக்கு, ஒரே பாய், ஒரு பக்கெட் பந்து. முப்பதாவது பந்துக்குள் நேராகப் பறக்க ஆரம்பித்துவிடும். “இவர்தான் எனக்கான கோச்” என்று அன்றே பணம் கட்டிவிடுவார்கள். ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்தால் அந்த நேரத்துக்குக் கை பழகிக்கொள்ளும். நாலு நாள் கழித்து அதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் விஷயம். 1979-இல் ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் கைப்பழக்கப் பயிற்சியில் இதைக் காட்டினார்கள்: ஒரே வேலையைத் தொடர்ந்து செய்தவர்கள் பயிற்சியின்போது நன்றாகச் செய்தார்கள்; வேலையை மாற்றி மாற்றிப் பழகியவர்களுக்கே பிறகு அது நிலைத்தது.

பாயும் ஏமாற்றும். பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் கிளப் தரையில் இறங்கினாலும், பாயில் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தொட்டுவிடும். அதையே புல்லில் செய்தால் மண்தான் பெயரும், பந்து பாதி தூரம்கூடப் போகாது.

சோதனை வகுப்பு முடிந்து மூன்று நாள் போகட்டும். பிறகு புல்தரையில் பன்னிரண்டு பந்து எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் கிளப்பையும் இலக்கையும் மாற்றி அடியுங்கள். அங்கே தெரிவதை வைத்துப் புதியவரை எடை போடலாம். பழைய கோச்சுக்கும் அதே அளவுகோல்தான்.

ஹேண்டிகேப் குறையவில்லை என்று கோபித்துக்கொள்வது

2020-இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில், கடைசி 20 சுற்றுகளில் சிறந்த 8-இன் சராசரிதான் உங்கள் ஹேண்டிகேப், அதாவது ஆட்டத்திறனைக் காட்டும் எண்; அது குறையக் குறைய நல்லது. அதாவது நீங்கள் நன்றாக ஆடும் நாளில் எப்படி ஆடுவீர்கள் என்பதை அது சொல்கிறது. போன மாதம் எப்படி ஆடினீர்கள் என்பதை அல்ல. மாதம் இரண்டு சுற்று ஆடுபவருக்கு அந்த இருபதும் பத்து மாதக் கதை. கோச்சிடம் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்றால், அந்த எண்ணில் பெரும்பகுதி அவர் வருவதற்கு முன்னால் ஆடிய ஆட்டம். அதை வைத்து அவரைக் குறை சொல்வதும் தப்பு, மெச்சுவதும் தப்பு.

பாதி வேலையில் கோச்சை மாற்றுவது

இந்தத் தவறுக்குத்தான் அதிக விலை. பணத்தைவிட, சேர்த்து வைத்த பழக்கம் வீணாகிறது. எத்தனை முறை எச்சரித்தாலும் மறுபடி மறுபடி நடக்கிறது, பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

புதியவர்களில் பெரும்பாலோருக்கு உள்ள நோய் ஸ்லைஸ். பந்து வலப்பக்கம் வளைந்து காட்டுக்குள் போகும். கிளப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது நொடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அந்தக் கணத்தில் கிளப் முகம் (பந்தைத் தொடும் பரப்பு) எங்கே பார்க்கிறதோ, பந்து பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் கிளம்பும்; ஐயனில் முக்கால் பங்கு, டிரைவரில் (தொலைதூர முதல் அடிக்கான கிளப்பில்) அதற்கும் மேல். கிளப் வரும் பாதைக்கும் முகம் பார்க்கும் திசைக்கும் உள்ள இடைவெளிதான் வளைவைத் தருகிறது. பாதையைவிட முகம் வலப்பக்கம் திறந்திருந்தால் பந்து வலது பக்கம் வளையும்.

இது எப்படித் தொடங்குகிறது? இடது கை கிரிப்பில் (கிளப்பைப் பிடிக்கும் பிடியில்) அதிகமாக இடப்பக்கம் திரும்பியிருக்கும். குனிந்து பார்த்தால் ஒரே ஒரு விரல் முட்டிதான் தெரியும். அந்தப் பிடியில் முகம் திறந்தே வரும், பந்து வலது பக்கம் போகும். பந்து வலது பக்கம் போகிறதே என்று உடம்பு தானாகவே கிளப்பை இடப்பக்கம் இழுத்து வீச ஆரம்பிக்கும். நிற்கும்போதே தோள் இடப்பக்கம் திரும்பிவிடும். பாதை எவ்வளவு இடப்பக்கம் போகிறதோ, அந்த அளவுக்கு வளைவும் கூடும். ஆக, தவறு ஒன்றல்ல, இரண்டு: ஒன்று மூலத் தவறு, மற்றது அதைச் சமாளிக்க உடம்பு கண்டுபிடித்தது.

விஷயம் தெரிந்த கோச் முதலில் கிரிப்பில் கை வைப்பார். இடது கையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி, இரண்டு அல்லது இரண்டரை முட்டி தெரியும்படி வைப்பார். இப்போது முகம் மூடி வருகிறது. ஆனால் பாதை இன்னும் பழைய பாதைதான். முகமும் இடப்பக்கம், பாதையும் இடப்பக்கம். விளைவு? பந்து இடது பக்கம் கிளம்பி இடது பக்கமே நேராகப் போகும், சில சமயம் இன்னும் இடப்பக்கம் வளையும் (இதுதான் ஹூக்).

மாணவருக்கு இது பேரிடி. “ஸ்லைஸாவது பழகிப் போயிருந்தது. இப்போது ஹூக் வேறு. இந்தக் கோச் என் ஆட்டத்தையே கெடுத்துவிட்டார்!” உண்மையில் அந்த இடப்பக்கப் பந்துதான் முதல் வேலை முடிந்ததற்கு அடையாளம். முகம் சரியாகிவிட்டது, மிச்சம் பாதை. அடுத்த இரண்டு மூன்று வகுப்பில் நிற்கும் திசை, தோள், பந்து வைக்கும் இடம் எல்லாவற்றையும் சரிசெய்தால் பாதை நேராகும்.

சரியாக இந்த இடத்தில்தான் ஆள் புதுக் கோச்சிடம் போய் நிற்கிறார். புதியவர் என்ன பார்ப்பார்? இரண்டரை முட்டி தெரியும் கிரிப், இடது பக்கம் பறக்கும் பந்து. மூன்று வாரம் முன்பு வரை இது ஸ்லைஸ் என்று மாணவர் சொல்வதே இல்லை. சொன்னால் தன்னைத் தவறாக நினைப்பார் என்ற கூச்சம், அல்லது பழைய கோச்சைப் பற்றிப் பேசக்கூடாது என்ற பண்பு. கண்ணில் பட்டதை வைத்துப் புதியவர் கிரிப்பை மறுபடி இடப்பக்கம் திருப்புவார். அன்றைக்கு இரண்டு பந்து நேராகப் போகும், மாணவர் பூரித்துப்போவார். இரண்டு வாரத்தில் பழைய ஸ்லைஸ் வந்து வாசலில் நிற்கும். பணம் இரண்டு பேருக்கும் போயிற்று; கையோ புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறது. அதைவிடக் கொடுமை, இனி யார் கிரிப்பை மாற்றச் சொன்னாலும் “அதை முன்பே செய்து பார்த்துவிட்டேன், எனக்கு ஒத்துவரவில்லை” என்பார்.

பாதி வழியில் இருக்கிறீர்களா, வழியே தப்பா என்று கண்டுபிடிக்க மூன்று வழி உண்டு.

முதலாவது, தவறின் வகை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆறு வகுப்புக்குப் பிறகும் அதே ஸ்லைஸ், அதே அளவில் இருந்தால் வைத்தியம் வேலை செய்யவில்லை. வலது பக்கம் போனது இடது பக்கம் போகிறது என்றால் ஏதோ மாறியிருக்கிறது. எண்ணிக்கையில் இரண்டும் கெட்ட பந்துதான், ஆனால் பொருள் வேறு.

இரண்டாவது, பந்து முகத்தில் எங்கே படுகிறது என்று பாருங்கள். காலுக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயை டிரைவர் முகத்தில் லேசாக அடித்துவிட்டுப் பத்துப் பந்து அடித்தால் தடம் தெரியும். டிரைவரில் குதிகால் பக்கம் பட்டால் முகம் சரியாக இருந்தாலும் பந்து வலப்பக்கம் வளையும், நுனிப் பக்கம் பட்டால் இடப்பக்கம் வளையும். கிரிப்பைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் பலருக்கு, பந்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளியோ நெருங்கியோ நிற்பதுதான் கோளாறு என்று இதில் தெரியவரும்.

மூன்றாவது, கோச்சிடமே நேராகக் கேளுங்கள்: “இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறோம்? அடுத்தது என்ன? அது சரியானால் பந்து எப்படிப் பறக்கும்?” மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் இருங்கள். “அடித்துக்கொண்டே இருங்கள், தானாக வரும்” என்ற பதிலை மட்டும் ஏற்காதீர்கள். கோச்சை விட்டுப் போவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைப்பது அரிது.

எவ்வளவு நாள் பொறுப்பது? கிரிப் போன்ற அடிப்படை மாற்றத்துக்கு, வாரம் மூன்று நாள் இருபது நிமிடமாவது பயிற்சி செய்தால், ஆறிலிருந்து எட்டு வாரம் கொடுப்பது நியாயம். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே கிளப்பையே தொடாதவர் இந்தக் கணக்கைக் கேட்கக்கூடாது.

பெரிய ஆட்டக்காரர்களைப் பார்த்து மாற்றுவது

“நிக் ஃபால்டோவே மாற்றினாரே” என்பார்கள். மாற்றினார். ஐரோப்பாவில் முதலிடத்தில் இருந்தவர், 1980-களின் நடுவில் டேவிட் லெட்பெட்டர் என்ற கோச்சிடம் போய் ஸ்விங்கை (கிளப் வீசும் முறையை) முழுதாகக் கழற்றி மாட்டினார். 1987-இல் ஸ்காட்லாந்தின் மூர்ஃபீல்டில் கடைசி நாள் 18 குழியும் பார் (குழிக்கென்று விதித்த அடிக்கணக்கு) அடித்து ஓப்பன் பட்டம் வென்றார். அதையும் சேர்த்து மொத்தம் ஆறு மேஜர் (கோல்ஃபின் மிகப் பெரிய நான்கு போட்டிகளின் பட்டம்). கதையில் நடுவில் உள்ள இரண்டு வருடத்தை மட்டும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் அவர் ஆட்டம் இறங்கித்தான் இருந்தது. ஆனாலும் நகரவில்லை.

டைகர் வுட்ஸ் கதை இன்னும் பொருத்தம். 1997 மாஸ்டர்ஸை 12 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்ற கையோடு, தன் கோச் புட்ச் ஹார்மனிடமே இருந்தபடியே ஸ்விங்கை மாற்றினார். 1998-இல் பிஜிஏ டூரில் (அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரில்) ஒரே ஒரு வெற்றி. கோச் மாறவில்லை. 2000 யுஎஸ் ஓப்பனை 15 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். ரோரி மெக்கில்ராய் 2021-இல் பீட் கோவனிடம் போனார், அதே ஆண்டு சிறுவயதுக் கோச் மைக்கேல் பானனிடமே திரும்பினார்.

இவர்களுக்குத் தினமும் பல மணி நேரம் இதுதான் வேலை. வாரம் ஒருமுறை ஆடுபவர் இவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது அந்தப் பொறுமை மட்டுமே.

ஒரே சமயத்தில் இரண்டு கோச்

வேண்டாம். இணையத்தில் பார்க்கும் வீடியோவும் ஒரு கோச்தான்.

கோச்சையும் கிளப்பையும் ஒரே வாரத்தில் மாற்றுவது

எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது. இடையில் எட்டுச் சுற்றாவது இருக்கட்டும்.

எங்கே அடி வீணாகிறது என்று பார்க்காமலே மாற்றுவது

ஐந்து சுற்றுக்கு ஒரு சிறு குறிப்பு எழுதுங்கள். ஒவ்வொரு குழியிலும் நான்கே விஷயம்: முதல் அடி தண்டனையில் முடிந்ததா, கிரீனை (குழி இருக்கும் வெட்டிய புல்பரப்பை) நோக்கிய அடி எந்தப் பக்கம் தவறியது, கிரீன் பக்கத்திலிருந்து ஏற இரண்டு அடி ஆனதா, மூன்று பட் (கிரீனில் குழியை நோக்கி உருட்டும் அடி) ஆனதா. பேராசிரியர் மார்க் பிராடி பெருந்தரவுகளை அலசிக் காட்டியபடி, நல்ல ஆட்டக்காரருக்கும் சாதாரண ஆட்டக்காரருக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நீண்ட அடிகளில் வருகிறது. ஆனால் அது பொதுக்கணக்கு. உங்கள் அட்டையில் மூன்று பட் நிரம்பியிருந்தால், முழு ஸ்விங் சொல்லித்தரும் கோச்சை மாற்றி என்ன பயன்? “அடுத்த நான்கு வகுப்பும் பட்டிங் கிரீனில் வைத்துக்கொள்ளலாமா” என்று அவரிடமே கேட்டால் போதும். பட்டிங்கிலும் அளவோடு எதிர்பாருங்கள். எட்டடி தூரத்தில் டூர் ஆட்டக்காரர்களே பாதிதான் உள்ளே போடுகிறார்கள்.

வலியைப் பொறுத்துக்கொள்வது

கீழ்முதுகோ மணிக்கட்டோ வலிக்கிறது என்று சொன்ன பிறகும் அதே அசைவைச் செய்யச் சொன்னால், அந்த வகுப்போடு நிறுத்துங்கள். இதற்கு ஆறு வாரக் கணக்கெல்லாம் கிடையாது.

மாற்றுவதென்று முடிவான பிறகும் தப்பு செய்வது

வாரத்துக்கு ஒரு புது வைத்தியம், போன வாரம் சொன்னது என்ன என்று கோச்சுக்கே நினைவில்லை. பந்து பறப்பதைப் பார்க்காமல் ஸ்விங்கின் அழகை மட்டும் பார்க்கிறார். எல்லா மாணவருக்கும் ஒரே பயிற்சி. “ஏன்” என்று கேட்டால் முகம் சுளிக்கிறார். இவற்றில் இரண்டு சேர்ந்தாலே கிளம்பலாம், குற்ற உணர்ச்சி வேண்டாம்.

ஆனால் சொல்லாமல் மறைந்துவிடாதீர்கள். நேரில் இரண்டு வரி சொல்லி, எடுத்த வீடியோக்களையும் “இதுவரை மாற்றியது என்ன” என்ற குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். முன்கூட்டிக் கட்டிய வகுப்புகள் மிச்சம் இருந்தால், அவற்றைச் சிப்பிங்குக்கும் (கிரீன் அருகிலிருந்து அடிக்கும் சிறு அடி) பங்கருக்கும் (மணல் பள்ளம்) செலவழித்து முடியுங்கள். ஸ்விங் வேலையைப் புதியவரிடம் அதன் பிறகு தொடங்கினால் இரண்டும் மோதாது.

புதியவரிடம் போகும்போது கையில் நான்கு இருக்கட்டும்: இன்றைய கிரிப்பின் புகைப்படம், மாற்றத்துக்கு முந்தைய கிரிப்பின் புகைப்படம், நெஞ்சுக்கு எதிரிலிருந்தும் இலக்குக் கோட்டின் பின்னாலிருந்தும் இடுப்பு உயரத்தில் எடுத்த இரண்டு வீடியோ, ஐந்து சுற்றுக் குறிப்பு. முதல் வாக்கியமே இப்படி இருக்கட்டும்: “ஆறு வாரம் முன்பு வரை வலது பக்கம் போனது, கிரிப்பை மாற்றிய பிறகு இடது பக்கம் போகிறது.” அதைக் கேட்டதும் அவர் உங்கள் கையைப் பிடித்துத் திருப்புகிறாரா, தோளும் காலும் எந்தப் பக்கம் நிற்கின்றன என்று பின்னால் போய்ப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பின்னால் போய்ப் பார்ப்பவரிடம் பணம் கட்டுங்கள்.